எந்தப் பக்கம் நிற்கிறேன்?

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இப்போது நீலமெல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்று எழுதியிருந்தாயே, படிக்கவே சந்தோஷமாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் கர்சரைத் தேடுவதிலேயே பொழுது போகிறது என்றாய். போன வருஷம் எனக்கும் அதே பாடுதான். ஈமேக்ஸ் என்கிற எழுதும் மென்பொருளில் திரையை இரண்டு விண்டோவாகப் பிரித்து, இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் என் மொழிபெயர்ப்பு என்று வைத்துக்கொண்டு வேலை செய்வேன். ஒரு நாள் ராத்திரி, எழுதியது சரியில்லை என்று கடைசி வரியை அழித்தேன். வலப்பக்கம் ஒன்றும் போகவில்லை. கீ சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு தரம் அழுத்தினேன். போனது மூலத்தில் மூன்று வரி. அதைக் கவனிக்காமல் சேமித்து மூடியும் விட்டேன். மறுநாள் அந்த மூன்று வரியைத் தேடிப் பிடிக்க அரை நாள் ஆயிற்று.

அப்புறம்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் வைத்திருந்தது மெல்லிய கோடு போன்ற கர்சர். நாம் இல்லாத விண்டோவில் ஈமேக்ஸ் அதை இன்னும் கொஞ்சம் மெலிதாக்கும், அவ்வளவுதான். அந்த வித்தியாசம் யார் கண்ணுக்குத் தெரியும்? தமிழில் இன்னும் மோசம். 'கா', 'ரா' என்று துணைக்காலை ஒட்டி நின்றால் எது கால், எது கர்சர் என்றே புரியாது. போதாததற்கு, பத்து தரம் மினுக்கிவிட்டு அது நின்றுவிடும். அந்த எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினால் மினுக்கிக்கொண்டே இருக்கும். கட்டக் கர்சருக்கு மாறியதும் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. நாம் இருக்கும் இடத்தில் நிறைந்த கட்டம், மற்ற விண்டோவில் வெறும் சட்டம்.

கர்சர் இருக்கும் வரிக்கு நிறம் கொடுப்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்தேன். வரிக்கு நிறம் கொடுக்கும் வசதியான எச்எல்-லைன்-மோடை ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாகப் போட்டால் இரண்டு விண்டோவிலும் வரி ஒளிரும். முன்பைவிடக் குழப்பம்! எல்லாவற்றுக்கும் பொதுவான குளோபல்-எச்எல்-லைன்-மோட் போட்டால்தான் நாம் இருக்கும் விண்டோவில் மட்டும் ஒளிரும்.

முதலில் கர்சருக்கு ஆரஞ்சு, வரிக்கு மஞ்சள் என்று எல்லாவற்றையும் பளபளக்க வைத்தேன். ஒரு வாரத்தில் கண் எரிந்தது. அப்புறம் திருப்பிச் செய்தேன்: நாம் இல்லாத பக்கத்தை அடக்கிவிட்டேன். அடியில் ஓடும் மோட்-லைனைப் பார், நாம் இருக்கும் விண்டோவுக்கு ஒரு சாம்பல், இல்லாததற்குக் கொஞ்சம் வெளிர்ந்த சாம்பல். அவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எப்படித் தெரியும்? முதலாவதை அடர் நீலமாக்கினேன், மற்றதைப் பின்னணியோடு கலந்துவிட்டேன். இப்போது தலையைத் திருப்பாமலே எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரிகிறது. நீலம் உனக்கும் ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

நீ உன் விம் எடிட்டரை விடமாட்டாய், தெரியும். அங்கேயும் அதே பள்ளம்தான். எல்லா விண்டோவுக்கும் கர்சர்லைன் (இருக்கும் வரியைக் காட்டும் வசதி) போட்டால் எல்லாவற்றிலும் கோடு வரும். ஒரு விண்டோவுக்குள் நுழையும்போது நடக்கும் வின்என்டர் வந்ததும், அந்த விண்டோவுக்கு மட்டும் பொருந்தும் செட்லோக்கலில் போடு, வெளியேறும்போது நடக்கும் வின்லீவ் வந்ததும் எடுத்துவிடு. விம் திறந்ததும் வரும் முதல் விண்டோவுக்கு வின்என்டர் நடக்காது, அதனால் விம் தொடங்கும்போது நடக்கும் விம்என்டரையும் சேர்த்துக்கொள். ஸ்டேட்டஸ்லைன்-என்சி என்பதுதான் நாம் இல்லாத விண்டோவின் அடிப்பட்டை, அதை மங்கலாக்கு. வேறெதையும் இப்போதைக்குத் தொடாதே.

டாக்டர் எவ்வளவு நேரம் ஸ்கிரீன் பார்க்கலாம் என்கிறாரோ, அவ்வளவுக்கு மேல் உட்காராதே. உன் செட்டிங் ஃபைலை எனக்கு அனுப்பு, நானே எழுதித் திருப்பி அனுப்புகிறேன். நீ நிறத்தை மட்டும் பார்த்துச் சொன்னால் போதும்.

அன்புடன்,
ரகு