தாழ்வாரத்தில் ஒட்டியிருக்கும் 40 தாள்கள் பற்றி ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போன வாரக் கூட்டத்துக்கு வந்தவர்கள், நூலகத்துக்குப் போகும் தாழ்வாரத்தில் நாங்கள் ஒட்டியிருக்கும் தாள்களைப் பார்த்திருப்பீர்கள். மொத்தம் 40. உலகத்தில் எங்கோ யாரோ செய்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றி ஒவ்வொன்றிலும் நாலைந்து வரி. எறும்பு, களிமண் பலகை, மரத்தின் வளையம், தார், சைகை மொழி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல், வேண்டுமென்றே கலந்து ஒட்டினோம். ஒரு அப்பா பொறுமையாக எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்து, "இதனால என்ன பிரயோஜனம் சொல்லுங்க, பையன் என்ன படிச்சா வேலை கிடைக்கும்னு தெரிஞ்சா எனக்குப் போதும்" என்றார். கவலையோடுதான் கேட்டார். கூட்ட அவசரத்தில் நின்று பேச முடியவில்லை. அந்தக் கவலை அவர் ஒருவருக்கு மட்டும் இருக்காது, அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் எறும்பு. பிள்ளைகள் அதிக நேரம் நின்றது அந்தத் தாளின் முன்னால்தான். பாலைவனத்தில் ஒரு வகை எறும்பு இரை தேடி வளைந்து வளைந்து வெகுதூரம் போகும், இரை கிடைத்ததும் நேர்கோடு போட்டதுபோலப் புற்றுக்குத் திரும்பிவிடும். திசையை வானத்து வெளிச்சத்தை வைத்துப் பிடிக்கிறது என்று முன்பே தெரியும். தூரம் எப்படித் தெரிகிறது? 2006-ல் வெளிவந்த ஆய்வில், புற்றிலிருந்து 10 மீட்டர் நடந்து இரையிடம் வந்து சேர்ந்த எறும்புகளைப் பிடித்து, சிலவற்றின் கால்களில் பன்றி முடியை ஒட்டி நீளமாக்கினார்கள், சிலவற்றின் கால்களைக் குட்டையாக்கினார்கள். திரும்பும்போது நீளக்கால் எறும்புகள் புற்று இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் தேடின. குட்டைக்கால் எறும்புகள் பாதி வழி தாண்டியதுமே நின்று தேட ஆரம்பித்தன. அடிகளை ஏதோ ஒரு விதத்தில் கணக்கு வைக்கின்றன என்றுதானே அர்த்தம்? இதைப் படித்த ஒரு மாணவி தாழ்வாரத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அடி எண்ணி நடந்து பார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்து, "அந்த நீளக்கால் எறும்பு அடுத்த தடவை புற்றிலிருந்தே கிளம்பினா சரியாத்தானே வரும்? போறதுக்கும் வர்றதுக்கும் அதே கால்தானே?" என்று கேட்டாள். ஆய்வாளர்கள் செய்த அடுத்த சோதனை அதுவேதான். எறும்புகள் சரியாகவே வந்தன. தாளில் அந்த விவரத்தை நாங்கள் எழுதவே இல்லை, அவளாகக் கேட்டது. இந்தப் பெண் கணக்குத் தேர்வில் சுமாராக வாங்குகிறவள், "ஆராய்ச்சியெல்லாம் எனக்கில்லை" என்று முன்பு சொன்னவள்.

எனக்கு வருத்தம் அங்கேதான். 14 வயதில் பிள்ளைகள் இப்படி முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டு, குடுவை, நூற்றுக்கு நூறு என்று அவர்கள் மனதில் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. சரி, அப்படி இல்லை என்று வாயால் சொன்னால் நம்புவார்களா? அதனால்தான் சுவரில் ஒட்டினோம்.

நிகராகுவா நாட்டில் 1970-களின் கடைசியில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவைப் படிக்கவும் ஸ்பானிய மொழி பேசவும் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார்கள், சரிவரவில்லை. ஆனால் விளையாடும் இடத்திலும் பேருந்திலும் பிள்ளைகள் தங்களுக்குள் கையால் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆசிரியர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. 1986-ல் ஜூடி கெகல் என்ற மொழியியலாளர் போய்ப் பார்த்தபோது, அங்கே ஒரு புது மொழி உருவாகிக்கொண்டிருப்பது தெரியவந்தது. பின்னால் வந்து சேர்ந்த சின்னப் பிள்ளைகள் பெரியவர்களிடம் கற்றுக்கொண்டு, அதற்கு இன்னும் செறிவான இலக்கணத்தையும் சேர்த்துவிட்டார்கள். ஆசிரியராக இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த ஆராய்ச்சிக்கு வேண்டியிருந்தது பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கவனிக்கிற பொறுமை. அந்தப் பொறுமை உள்ள பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள், அதற்கு நாம் மதிப்பெண் போடுவதில்லை.

பிரயோஜனம் பற்றிக் கேட்டீர்கள். 1960-களில் தாமஸ் பிராக் என்பவர் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில், அவ்வளவு சூட்டில் எதுவும் உயிர் வாழுமா என்று பார்க்கப் போனார். சுமார் 70 டிகிரியில் செழித்து வளரும் ஒரு பாக்டீரியா கிடைத்தது. எந்த நோய்க்கும் மருந்து தேடிப் போனவர் இல்லை. 1983-ல் கேரி முல்லிஸ், மரபணுத் துணுக்கைக் கோடிக்கணக்கில் நகலெடுக்கும் பிசிஆர் முறையைக் கண்டுபிடித்தார். அதில் ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரி வரை சூடாக்க வேண்டும், நகலெடுக்கும் வேலையைச் செய்கிற சாதாரண நொதி (என்சைம்) அந்தச் சூட்டில் கெட்டுவிடும். அந்த வெந்நீர் பாக்டீரியாவின் நொதி தாங்கியது. கொரோனா நேரத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த சோதனை இந்த முறைதான்.

ஆனால் எல்லா ஆராய்ச்சியும் இப்படிப் பலன் தரும் என்று நான் சொல்லமாட்டேன், தந்தால்தான் மதிப்பு என்றும் நினைக்கவில்லை. கி.மு. 136-ல் இன்றைய ஈராக்கில் இருந்த பாபிலோன் நகரத்தில் முழு சூரிய கிரகணம் தெரிந்ததைக் களிமண் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பூமி அன்றும் இன்றைய வேகத்திலேயே சுற்றியது என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்தக் கிரகணத்தின் நிழல் பாபிலோனுக்கு வெகு மேற்கே விழுந்திருக்க வேண்டும். சுமார் 3 மணி நேர வித்தியாசம் வருகிறது. பூமியின் சுழற்சி கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகி வருகிறது, நாளின் நீளம் நூறு வருடத்துக்கு 2 மில்லிசெகண்டுக்கும் குறைவாகக் கூடுகிறது என்று இப்படிப்பட்ட பதிவுகளை வைத்துத்தான் அளந்தார்கள். அந்தப் பலகைகளில் உள்ள ஆப்பு வடிவப் பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் வானியலாளர் இதைச் செய்திருக்க முடியாது. மரவளையம் எண்ணிக் காலம் கணிக்கிற துறையும் அப்படித்தான் பிறந்தது: சூரியனில் தோன்றி மறையும் கரும்புள்ளிகளின் தடயம் மரத்தில் பதிந்திருக்குமா என்று தேடிப்போன டக்ளஸ் என்ற வானியலாளர்தான் 1929-ல் அமெரிக்கப் பூர்வகுடிகளின் பழைய கட்டடங்களுக்கு வருடம் சொன்னார்.

எனவே அந்த அப்பாவுக்கு என் பதில் இது. உங்கள் பையன் என்ன வேலைக்குப் போவான் என்று என்னால் இப்போது சொல்ல முடியாது. அவன் மனதில் இருக்கிற கேள்விக்கு எங்கோ ஒரு துறை இருக்கிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன், அதை அவன் தெரிந்துகொள்ளாமலே பள்ளியை விட்டுப் போய்விடக் கூடாது என்பது என் ஆசை.

வரும் திங்கட்கிழமை முதல் மூன்று வாரம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரவேண்டும். எந்தக் கேள்வியாகவும் இருக்கலாம். மழைக்குப் பிறகு சுவரின் எந்தப் பக்கம் முதலில் பாசி பிடிக்கிறது, பாட்டி பேசுகிற சொற்களில் நாம் விட்டுவிட்டவை எத்தனை, எதுவானாலும் சரி. மதிப்பெண் கிடையாது. உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். கேள்வியை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், "உருப்படியா ஏதாவது எடு" என்று சொல்லாதீர்கள், நோட்டை அழகாக்கித் தராதீர்கள். முதலில் நினைத்தது தப்பாகப் போனால் அந்தப் பக்கத்தைக் கிழிக்க விடாதீர்கள், நாங்கள் முதலில் படிக்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான். பிள்ளை கேட்பதற்கு உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், கூடவே உட்கார்ந்து பாருங்கள்.

தாள்கள் மாதக் கடைசி வரை சுவரில் இருக்கும். மாலையில் பிள்ளையை அழைத்துப்போக வரும்போது கொஞ்சம் முன்னதாக வந்து படியுங்கள். நான் பெரும்பாலும் அங்கேதான் நிற்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்