இரவில தூண்டில் போடப் போறன் எண்ட தம்பிக்கு

இரணைமடு,
ஆடி மாதம்

அன்புள்ள தம்பி,

நாங்கள் எல்லாரும் சுகம். போனில சொல்ல வெளிக்கிட்டால் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" எண்டு கதையை முடிச்சுப்போடுவாய். அதுதான் எழுதுறன். தங்கச்சி இதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில அனுப்புவாள். வேலை முடிஞ்சு வந்து ஆறுதலாய் வாசி.

நீ அனுப்பின வீடியோவை அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தவர். கனடாவில சிம்கோ ஏரியில ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஸ்பீட் போட்டும் ஜெற் ஸ்கீயும் குறுக்கும் மறுக்குமாய் ஓடுது. நடுவில நீயும் உன்ர சினேகிதனும் வாடகை வள்ளத்தில ஆடி ஆடித் தூண்டில் போடுறியள். நீ தேடிப்போன பாஸ் மீன் ஒண்டும் கொத்தேல்லை, இந்தச் சனத்துக்குள்ள மீன் எங்க நிக்கப்போகுது, இனி இரவில தான் போறதெண்டு சொன்னனீ. இரவில போறதை நான் மறிக்கேல்லை. இரவு வலைக்குப் போய்த்தான் உங்களை வளர்த்தனாங்கள், பிறகு எந்த வாயால மறிக்கிறது? ஆனால் மீன் இல்லை எண்டதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டன். மீன் அங்கதான் நிண்டிருக்கும். நீங்கள் வெட்டவெளியில நிண்டனீங்கள்.

இஞ்ச இரணைமடுக் குளத்தில சோளகக் காத்து அடிக்கத் தொடங்கினால் எப்பிடியெண்டு உனக்கு மறந்திருக்காது. விடிஞ்சு கொஞ்ச நேரத்தில நடுக்குளம் முழுக்க அலை. சிறுபோகத்துக்குத் தண்ணி விட்டு விட்டுக் குளமும் இறங்கிப் போச்சு. கரையில மாடு, குளிக்கிற சனம், மோட்டர் சைக்கிள் கழுவுற பெடியள், ஞாயிறெண்டால் அணைக்கட்டில விடுப்புப் பார்க்க வாற கூட்டம் வேற. இவ்வளவு சத்தத்துக்குள்ளயும் விரால் குளத்தை விட்டு ஓடிறேல்லை. பட்டமரத்தடியில, தாமரை இலைக்குக் கீழ, பாசி தொடங்கிற விளிம்பில, நிழலாய்ப் பார்த்து அசையாமல் கிடக்கும். ஆனால் மூச்சு எடுக்க அது மேல வந்தே ஆகவேணும். அப்பா துடுப்பை வள்ளத்துக்குள்ள எடுத்து வைச்சுப்போட்டுக் கதையாமல் இருப்பார். நான் வள்ளத்தின்ர முன்பக்கம், அணியத்தில இருந்து வெத்திலை கூடச் சப்பேலாது. பாசிக்குள்ள "ளொப்" எண்டு ஒரு சத்தம் வரும், பின்னால ரண்டு மூண்டு குமிழி எழும்பும். அவர் தூண்டிலில கொழுவின தவளையை அந்தக் குமிழிக்கு நேர போட மாட்டார். ஒரு பாகம், ரண்டு கையையும் விரிச்ச அளவு, அங்கால போட்டு, பாசிக்கு மேலால மெல்ல இழுத்துக்கொண்டு வருவார். நேர தலையில போட்டால் அது தாழ்ந்து போயிரும்.

உன்ர பாஸும் கிட்டத்தட்ட இந்தக் குணம்தான் போல. பெரியவாய் பாஸ் குக்ஸ் பே பக்கத்துப் பாசிக்குள்ள கிடக்கும், சின்னவாய் பாஸ் கல்லு கிடக்கிற ஆழத்தில உழுவை தின்னும் எண்டு நீதானே சொன்னாய். பிறகு ஏன் மத்தியான வெயிலில வெறுந்தண்ணியில எறியிறாய்? போட் ஓட ஓட அலை கரைக்கு அடிச்சுக் கரைத்தண்ணி கலங்கும். கரையில நிண்ட மீன் பாசியின்ர வெளி விளிம்புக்குத் தள்ளிப் போகும், இல்லாட்டி வள்ளம் கட்டுற டொக்குகளுக்குக் கீழ நிழலில போய் ஒதுங்கும். அங்க கொண்டுபோய் ரப்பர் புழுவை மெதுவாய் இறக்கு. ஆனால் டொக் இன்னொருத்தற்ற வீட்டு வாசல். கயித்தில தூண்டில் கொழுவினால் அறுத்து விட்டிட்டுப் போகாதை, இறங்கிற பிள்ளையின்ர காலில ஏறும். ஆக்கள் குளிச்சுக்கொண்டு நிண்டால் அந்த இடத்தை விட்டிட்டு அடுத்ததுக்குப் போ.

சனி ஞாயிறை வைச்சு ஏரியை அளக்காதை. ஆடியில உங்க பொழுது பட ஒன்பது மணி ஆகுது. கிழமை நாளில வேலை விட்டுப் போனாலும் நல்ல நேரம் உன்ர கையில இருக்கு. விடியப்புறமும் அப்பிடித்தான், ஜெற் ஸ்கீக்காரர் எழும்ப முதல் நீ திரும்பியிரலாம். ஆனால் உனக்கு விடிய எழும்ப ஏலாதெண்டு எனக்குத் தெரியும். அதனாலதான் இரவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்.

ஒண்டு சொல்லவேணும், உங்கட நாட்டுச் சட்டத்தில எனக்குப் பிடிச்சது பாஸுக்கு வைச்ச பூட்டு. முட்டைக்குக் காவல் நிக்கிறது ஆண் மீன், அது நிக்கிற நேரம் பிடிச்சால் மற்ற மீன் வந்து கூட்டைத் துடைச்சுப்போடும், அதாலதான் ஜூன் பிற்பகுதி வரைக்கும் பிடிக்கேலாது எண்டு விளங்கப்படுத்தினாய். விராலும் அதேதான். சிவப்பாய்க் குஞ்சுக் கூட்டம் மேல திரியும், தாயும் தேப்பனும் கீழால சுத்திக்கொண்டு வரும். அந்த நேரம் கிட்ட எது போனாலும் கோவத்தில பாஞ்சு கடிக்கும். பசியில கடிக்கிறேல்லை. அதைப் பிடிக்கிறதுக்குக் கெட்டித்தனம் ஒண்டும் தேவையில்லை. இஞ்சயும் பிடிக்கிறவை இருக்கினம். பிடிச்சுப்போட்டுப் பெருமையாய்ப் படமும் எடுக்கினம். சின்னக்கண் வலை போடக்கூடாதெண்டு சங்கத்தில சண்டை பிடிக்கிற ஆக்களே இதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிப்பினம். எங்கட விராலை ஒன்ராறியோவில உயிரோட வைச்சிருக்கிறதே தடை எண்டு நீ சொல்ல அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. தன்ர மீனுக்கு அவ்வளவு பயமோ எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறார்.

இனி இரவுக் கதைக்கு வாறன். எனக்குச் சொல்லுறதுக்கு இருக்கிறதே இதுதான், மிச்சம் எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. பகலில பார்க்காத இடத்துக்கு இரவில போகாதை. அப்பா வலை விடுறது பின்னேரம், வெளிச்சம் இருக்கேக்கை. பட்டமரம் எங்க, கல்லு எங்க, தண்ணி எவ்வளவு இறங்கியிருக்கு எண்டு பார்த்துப்போட்டுத்தான் விடுவார். இருட்டில திரும்பிப் போகேக்கை கனகாம்பிகை அம்மன் கோயில் வெளிச்சம் எந்தத் தோளுக்கு நேர நிக்குது, தண்ணி திறந்து விடுற துருசுப் பக்கம் எங்க கிடக்கு எண்டு குறி பிடிச்சு, வலையின்ர போத்தில் மிதப்பில போய்க் கை வைப்பார். நீயும் ஒரு நாள் பின்னேரமே போ. ஏரி முழுக்கச் சுத்தாதை. ஒரு பாசி விளிம்பு, ரண்டு மூண்டு டொக், ஒரு கல்லுத்திட்டு காணும். எங்க கொழுவும், எங்க மற்ற வள்ளங்கள் போற பாதை, கரையில எந்த வெளிச்சம் இரவு முழுக்க எரியும் எண்டு பார்த்து வை. இருட்டினாப் பிறகு அந்த இடத்தில மட்டும் நில்.

கறுப்பு நிறத்து இரையை இருட்டில மீன் எப்பிடிக் காணும் எண்டு கேட்டனீ. மீன் கீழ கிடந்து மேல பார்க்குது. எவ்வளவு இருட்டெண்டாலும் வானம் தண்ணியை விட வெளிச்சம், அதில கறுப்புத்தான் வடிவாய்த் தெரியும். மற்றது, அது கண்ணை மட்டும் நம்பிறேல்லை. உடம்பின்ர ரண்டு பக்கமும் ஓடுற கோட்டால தண்ணியின்ர அதிர்வை உணரும். அதுக்குத்தான் சுழல்தகடு வைச்ச தூண்டில், அல்லது மேலால தத்தித் தத்தி வாற சாமான். ஒரே வேகத்தில, மெதுவாய் இழு. நிப்பாட்டி நிப்பாட்டி இழுத்தால் இருட்டில அதுக்கு இடம் பிடிபடாமல் தவறவிடும். தண்ணியில அடிச்ச சத்தம் கேட்ட உடன தடியை வெட்டி இழுக்காதை. தங்கூசி நூலில பாரம் வந்தாப் பிறகு இழு. அப்பாவும் விராலுக்கு இதைத்தான் சொல்லுவார். அவர் சொன்னதை அவரே கேட்கிறேல்லை, அது வேற கதை.

லைற் பிடிச்சு மீனைக் கூப்பிட நினைக்காதை. நான் குமரியாய் இருக்கேக்கை நந்திக்கடலில பெற்றோல்மக்ஸ் விளக்கு வைச்சு இறால் பிடிச்சதை நீ கதையாய்க் கேட்டிருப்பாய். கனடாவில பாஸுக்கு அது சட்டப்படி பிழை. ஆனால் வள்ளத்துக்கு லைற் கட்டாயம். பொழுது பட்டால் முன்னுக்குச் சிவப்பும் பச்சையும், பின்னுக்கு வெள்ளையும் எரியவேணும். நங்கூரம் போட்டு நிண்டாலும் சுத்தவரத் தெரியிற வெள்ளை லைற் எரிய விடு. இருட்டில நிண்டால் கனக்க மீன் விழும் எண்டு சினேகிதன் அதை அணைக்கச் சொன்னால், அவனை இறக்கி விட்டிட்டு வா.

எங்கட குளத்தில எனக்கு முதலைக்குப் பயம், தண்ணி குறைஞ்ச காலத்தில குடிக்க வாற யானைக்குப் பயம். உன்ர ஏரியில ரண்டும் இல்லை. அங்க எனக்குப் பயம் குடிச்சுப்போட்டு ஸ்பீட் போட் ஓடுறவனுக்கு. கார் ஓடுற சட்டம்தான் அதுக்கும் எண்டாய். சட்டம் தண்ணிக்குள்ள வந்து உன்னைத் தூக்காது. லைவ் ஜக்கெற்றை வள்ளத்துக்குள்ள வைச்சிருந்தால் காணும் எண்டு கதை விடாமல் உடம்பில போடு. 2018 மார்கழியில எங்கட குளத்து வான்கதவுகள் திறந்த இரவு உனக்கு ஞாபகம் இருக்கும். தண்ணி எவ்வளவு கிட்ட வந்து நிண்டது எண்டு விடிஞ்சாப் பிறகுதானே கண்டனாங்கள்.

பிடிச்ச மீனைக் கொஞ்சி, படம் எடுத்து, திருப்பி விடுறது எனக்கு இன்னும் விளங்கேல்லை. சரி, அது உங்கட விளையாட்டு. விடுறதெண்டால் கெதியாய் விடு. சூட்டுத் தண்ணியில காத்துக் குறைவு. இஞ்ச ஆவணியில வலையில விழுற யப்பான் மீன், அதுதான் திலாப்பியா, விடியிறதுக்குள்ள செத்து வெளிறிப் போயிரும், அதாலதான் சாமத்தில ஒருக்கால் வலையைப் பார்க்கிறது. (இண்டைக்கு இந்தக் குளம் சோறு போடுறதே அந்த மீனால. அதை 1952 இலதான் வெளியில இருந்து இலங்கைக்குக் கொண்டந்தவையாம், அப்பா ஏதோ கூட்டத்தில கேட்டவர்.) பாஸுக்குக் கூரான பல்லு இல்லை, கீழ்ச்சொண்டில பெருவிரலை வைச்சுப் பிடிக்கலாம் எண்டாய். அந்தப் பழக்கத்தில இஞ்ச வந்து விராலின்ர வாய்க்குள்ள விரலை விட்டிராதை. சமைக்கிறதெண்டால் சின்னனாய் ஒண்டு ரண்டு கொண்டு வா. பெரிசு முட்டை போடட்டும். உள்ளி கூடப் போட்டு, பழப்புளி விட்டு, வெந்தயம் தாளிச்சு இறக்கு. சேத்து மணம் இருந்தால் உப்பும் மஞ்சளும் போட்டு உரஞ்சிக் கழுவு.

போக முதல் எந்தக் கரையில இருந்து இறங்கிறாய், எத்தினை மணிக்குத் திரும்புவாய் எண்டு வீட்டில இருக்கிற பிள்ளைக்குச் சொல்லிப்போட்டுப் போ. எனக்கும் போட்டுவிடு. உனக்கு இரவெண்டால் எனக்கு இஞ்ச பகல், பார்த்துக்கொண்டுதான் இருப்பன்.

அப்பா ஒண்டு எழுதச் சொல்லி நிக்கிறார். பாசிக்கு மேலால இழுக்கிற கறுப்பு ரப்பர் தவளை இருக்காம், நீ அனுப்பிற அடுத்த பெட்டியில ரண்டு வைச்சு விடட்டாம். முள்ளு பெரிசாய், தடிப்பாய்ப் பார்த்து வாங்கு. விராலின்ர வாய் முழுக்க எலும்பு.

இப்படிக்கு,
அம்மா