பாடத்தை எழுத்தாகவே அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் பார்வையற்றவன். அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாசித்துக் காட்ட ஆள் தேடி அலைந்த தலைமுறை என்னுடையது. பாடம் கணினிக்கும் செல்பேசிக்கும் வரத் தொடங்கியபோது எங்களைப் போல மகிழ்ந்தவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது. எழுத்து மட்டும் உள்ளே இருந்துவிட்டால் போதும், திரையில் உள்ளதைக் குரலாக்கும் திரைவாசிப்பான் மென்பொருள் படித்துச் சொல்லிவிடும். கணினிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு போன் பெரும்பாலானவற்றில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் வாங்கும்போதே இருக்கிறது.

என்னிடம் படித்த பார்வையற்ற மாணவி ஒருத்தி, இப்போது தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு படிக்கிறாள். பாடங்கள் எல்லாம் இணையவழியில்தான். போன வாரம் பள்ளிக்கு வந்தவள் போனை என்னிடம் நீட்டி, "சார், இதைக் கொஞ்சம் கேளுங்க" என்றாள். ஒரு பிடிஎஃப் கோப்பைத் திறந்தேன். பக்க எண்ணைச் சொல்லிவிட்டு டாக்பேக் அமைதியாகிவிட்டது. அடுத்த பக்கமும் அப்படியே. அது அச்சிட்ட தாள்களை ஸ்கேன் செய்து ஒட்டிய கோப்பு. பார்ப்பவர்களுக்குப் பாடமாகத் தெரியும். திரைவாசிப்பானுக்கு வெறும் படம். அவள் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர், படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு நேரம் கிடைக்கும் மாலைகளில் அவன் வாசிக்க, இவள் பதிவு செய்துகொள்கிறாள்.

இன்னொரு அலகு வேறு விதம். அதில் எழுத்து இருக்கிறது, ஆனால் பாமினி எழுத்துருவில் அடித்தது. திரையில் 'தமிழ்' என்று தெரியும் இடத்தில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அதனால் திரைவாசிப்பான் 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்' என்று படிக்கிறது. ஒரு முழு அலகையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள். தமிழைத் தமிழ் எழுத்தாகவே கணினியில் பதியும் யூனிகோடை, அரசு அலுவல்களுக்குத் தரமாகத் தமிழக அரசு அறிவித்தது 2010இல். இத்தனை ஆண்டுகள் கழித்தும் பாடம் தயாரிக்கும் இடங்களில் பழைய எழுத்துருக்களை விடவில்லை.

படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். நானும் அதைத்தான் தினமும் பயன்படுத்துகிறேன். தெளிவான பக்கமாக இருந்தால் நன்றாகவே மாற்றுகிறது. ஆனால் ஸ்கேன் சாய்ந்திருந்தால், பக்கத்தில் இரண்டு பத்திகள் அருகருகே இருந்தால், வரிகள் கலந்துவிடும். துணைக்காலும் 'ர'வும் இடம் மாறும். அதையெல்லாம் ஊகித்துக்கொள்ளலாம். எண்களை என்ன செய்வது? வேலூர்ப் புரட்சி நடந்த 1806, 1306 என்று வந்தால், முதன்முறை படிக்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வரலாற்றுத் தேர்வில் ஆண்டு தப்பினால் மதிப்பெண் போச்சு.

எனக்கு வருத்தம் தருவது இதுதான். அந்தப் பாடங்களை இன்று யாரும் தட்டச்சுப் பொறியில் அடிப்பதில்லை. அவை கணினியில் எழுத்தாகவே பிறக்கின்றன. பிறகு அச்செடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்கேன் செய்து, படமாக்கி ஏற்றுகிறார்கள். முதலில் இருந்த அந்தக் கோப்பைக் கொடுத்தாலே போதும். அதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், குழு அமைக்க வேண்டாம். இன்னொரு விஷயம்: யூனிகோடில் அடித்திருந்தாலும், தமிழைப் பிடிஎஃப் ஆக்கும்போது சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறிப்போகின்றன. ஆகவே வேர்டு கோப்பையோ இபப் என்ற மின்னூல் வடிவத்தையோ பிடிஎஃப் பக்கத்திலேயே வைத்துவிடுவது நல்லது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும், காதால் கேட்டுக்கொண்டே படித்தால் எளிதாகப் புரிந்துகொள்ளும் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் அதே கோப்பு உதவும்.

அந்த வேர்டு கோப்பைக் கேட்டு ஒரு கல்வி நிறுவனத்துக்கு எழுதினேன். காப்புரிமை இருப்பதால் தர இயலாது என்று பதில் வந்தது. 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதே, மாற்றுத்திறனாளிகள் படிக்கத் தகுந்த வடிவில் லாபநோக்கின்றி ஒரு நூலை மாற்றித் தர அனுமதி தேவையில்லை என்று சேர்த்துவிட்டார்கள். பார்வையற்றோருக்கான நூல்கள் குறித்த மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்ததும் நம் நாடுதான், 2014இல். சட்டம் பக்கம் பார்த்தால் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு ஊடகத்தில் வருவது எல்லோரும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. இணையதளத்தில் ஏற்றும் ஆவணங்கள் இபப் வடிவிலோ, எழுத்தாகப் படிக்கத்தக்க பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் கீழ் வந்த 2017இன் விதிகள் வடிவத்தையே குறிப்பிட்டுச் சொல்கின்றன. 2024 நவம்பரில், ராஜீவ் ரதூரி வழக்கில், இப்படிப்பட்ட தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பில், மின்னணு வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்றது.

காணொளிப் பாடம் எடுக்கும் சக ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். "இதை இங்கே கொண்டுவந்து, அதோடு கூட்டினால் இது வரும்" என்று கணக்கு நடத்தினால் எங்களுக்கு எதுவும் வராது. எழுதுவதை வாயாலும் சொல்லுங்கள். வரைபடம் காட்டினால், "காவிரி குடகில் தொடங்கிக் கிழக்கே வருகிறது" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். காது கேளாத பிள்ளைகள் உங்கள் உதட்டைப் பார்ப்பார்கள், ஆகவே பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாதீர்கள். தானாக வரும் தமிழ் வசன வரியை அப்படியே விட்டுவிடாமல் ஒருமுறை திருத்துங்கள். முடிந்த இடத்தில் சைகை மொழி பெயர்ப்பாளரும் வேண்டும். அது செலவுள்ள காரியம், அரசு செய்ய வேண்டியது.

தேர்வைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 'பொருத்துக' கேள்வியை மவுஸால் இழுத்துப் பொருத்தச் சொல்கிறார்கள். கீபோர்டு மட்டும் பயன்படுத்துகிறவர் அங்கேயே நின்றுவிடுவார். கேமரா கண்காணிக்கும் தேர்வில், திரையைப் பார்க்காத மாணவனை முறைகேடு செய்பவனாக மென்பொருள் குறித்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. பார்வையற்றவன் எந்தத் திசையில் முகத்தை வைத்தால் என்ன?

கடைசியாக உங்களிடமே ஒன்று கேட்கிறேன். உங்கள் நாளிதழில் வரும் பொதுத்தேர்வு மாதிரி வினாத்தாளையும் போட்டித்தேர்வுப் பகுதியையும் என் மாணவர்கள் ஆவலோடு தேடுகிறார்கள். இணையப் பதிப்பில் அது பக்கத்தின் படமாகத்தான் கிடைக்கிறது. அச்சுக்குப் போகும் முன் உங்கள் அலுவலகக் கணினியில் எழுத்தாக இருக்கும் அதே வினாத்தாளை, யூனிகோடில், உங்கள் தளத்தில் ஒரு பக்கமாகவும் போட்டுவிடுங்கள். பொதுத்தேர்வுக்கு முன்பே தொடங்கினால் இந்த ஆண்டு எழுதுகிறவர்களுக்கும் பயன்படும். வந்த கோப்பு சரியாகப் படிக்கிறதா என்று சோதித்துச் சொல்ல நான் தயார்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர்,
திருக்கோவிலூர்.