தட்டு வந்த பிறகு மாத்திரை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுதேன். போன்ல சொன்னா பக்கத்துல யாராவது இருப்பாவ, நீயும் "சரிம்மா, சரிம்மா"ன்னு வச்சிருவ. அதான் கடிதம்.

பாகப்பிரிவினைப் பேச்சு முடியுற வரைக்கும் உங்க வீட்ல சத்தம் இருக்கத்தான் செய்யும். அதை நிறுத்துறது உன் கையில இல்ல. ஆனா அந்தச் சத்தத்துல சாப்பாடு, மாத்திரை, தூக்கம் மூணும் குலையாம நீ பாத்துக்கிடலாம்.

முதல்ல உங்க அத்தை. சுகர் உள்ளவிய கோவத்துல "எனக்கு ஒண்ணும் வேண்டாம்"னு எந்திரிச்சுப் போறதுதான் எனக்குப் பயம். அவிய மாத்திரை அட்டையை எடுத்துப் பாரு. வெறும் மெட்ஃபார்மின்னா ஒரு வேளை சாப்பிடாம விட்டாலும் சர்க்கரை ரொம்ப இறங்குறது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடுன்னு ஏதாவது சேர்ந்திருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ விஷயம் வேற. அந்த மாத்திரை கணையத்தைப் பிழிஞ்சு இன்சுலினை வரவச்சிரும். வயித்துல சோறு இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது.

காலையில மாத்திரையைப் போட்டுட்டு இட்லித் தட்டைத் தள்ளி வச்சா, கொஞ்ச நேரத்துல கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும். பேச்சுலயும் எரிச்சல் ஏறும். எல்லாரும் ஏமாறுறது இந்த இடத்துலதான். காலைச் சண்டையோட மிச்சம்னு நெனச்சு ஆளாளுக்கு ஒதுங்கிப் போயிருவாவ. நீ ஒதுங்காத. சுகர் மெஷின்ல விரலைக் குத்திப் பாரு. சர்க்கரை 70க்குக் கீழ இருந்தா மூணு டீஸ்பூன் சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடு. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாரு, ஏறலைன்னா இன்னொரு தடவை குடு. ஏறினதும் ரெண்டு இட்லியாவது உள்ள போகணும். மெஷின் கைக்கு எட்டலைன்னா தேடிட்டு நிக்காம சீனித் தண்ணியைக் குடுத்திரு. அவசரத்துக்கு அல்வா ஆகாது, அதுல உள்ள நெய் சர்க்கரை ரத்தத்துல சேருறதைத் தாமதப்படுத்திரும். நினைவு தப்பினா வாயில எதையும் ஊத்தாத, உடனே 108க்குப் போடு.

அதனால தட்டு முன்னால வந்த பிறகுதான் மாத்திரை கைக்கு வரணும். சாப்பிடாத அன்னைக்கு எந்த மாத்திரையை விடணும், எதைப் போடணும்னு அவிய டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டு காலண்டர்ல எழுதி வை.

அல்வாவைப் பத்தியும் சொல்லிருதேன். "சுகரை வச்சுக்கிட்டு இது தேவையா"ன்னு நாலு பேர் முன்னால யாரும் கேக்கக் கூடாது, மாப்பிள்ளைகிட்டயும் சொல்லு. கேட்டா திங்குறது நிக்காது, மறைச்சுத் திங்குறதுதான் கூடும். மனசு நெருக்கடியில இருக்கும்போது உடம்பு கார்டிசால்ங்குற ஹார்மோனைக் கூட்டும். அது சர்க்கரையையும் ஏத்தும், இனிப்பு மேல ஆசையையும் ஏத்தும். மறைச்சுத் தின்னது டாக்டருக்குத் தெரியாது. ரிப்போர்ட்டைப் பாத்து மாத்திரையைக் கூட்டிருவாவ. அப்புறம் ஒரு நாள் கோவத்துல பட்டினி கிடந்தா கூட்டின மாத்திரை ஆளையே சாய்ச்சிரும். கால் கிலோ வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டுக் காவல் காக்குறதை விட, 50 கிராம் வாங்கி எல்லாருமா சாப்பாட்டோட ஆளுக்குத் துளி எடுத்துக்கிடுங்க.

மாப்பிள்ளைக்கு பிரஷர் பாக்குறதா சொன்னியே. வாக்குவாதம் முடிஞ்ச கையோட பாத்தா கூடத்தான் காட்டும். டீ, சிகரெட் முடிஞ்சு அரை மணி நேரமாவது ஆகியிருக்கணும். ஒண்ணுக்குப் போயிட்டு வந்து, முதுகைச் சாய்ச்சு, காலைத் தரையில ஊனி, அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரச் சொல்லு. கை நெஞ்சு உயரத்துக்கு இருக்கணும். ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவை பாரு. காலையும் சாயங்காலமும் ஒரு வாரம் குறிச்சுக் கொண்டுபோய்க் காட்டு. ராத்திரி டீயை மட்டும் நிறுத்திரு. அதுல தூக்கத்தைக் கெடுக்குற கஃபீன் அஞ்சு மணி நேரம் கழிச்சும் பாதி உடம்புலதான் நிக்கும். தூக்கம் கெட்டா மறுநாள் பசி தாறுமாறா வரும், கை மிக்சர் டப்பாவுக்குப் போகும்.

மனசு சரியில்லாத நாள்ல நீயும் சமையலைச் சுருக்கிருவ. மோர்மிளகாயும் ஊறுகாயுமா சோறு இறங்கிரும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு எல்லாம் சேர்த்து 5 கிராம், ஒரு டீஸ்பூன், அதுக்குள்ள நிக்கணும். அப்படிப்பட்ட நாளைக்கு உளுந்தஞ்சோறு வச்சிரு, குக்கர்ல ஒரே வேலைதான். தொட்டுக்க எள்ளுத் துவையல், அதுலயும் உப்பை மட்டா போடு. எல்லாரும் தின்னு முடிச்சப்புறம் ஆறினதை நின்னுக்கிட்டே வழிச்சுப் போடுத பழக்கத்தை விடு, ஏட்டி. நீயும் கூடவே உக்காரு.

சொத்துப் பேச்சை இலைக்கு முன்னால எடுக்க வேண்டாம்னு மாமாகிட்ட நீ சொல்ல முடியாது, மாப்பிள்ளை சொல்லலாம். சாயங்காலம் காபிக்கு அப்புறம் பேசட்டும். பேசி முடிச்சதும் அப்பாவும் மகனும் வ.உ.சி. மைதானத்துப் பக்கம் அரை மணி நேரம் நடந்துட்டு வரட்டும்.

ரெண்டு வாரத்துக்கு மேல யாருக்காவது தூக்கம் வரலைன்னாலோ, எதுலயும் மனசு ஒட்டலைன்னாலோ அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416க்குப் போடுங்க. காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். நேர்ல பாக்கணும்னா பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு.

அத்தையோட மாத்திரை அட்டையை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து இன்னைக்கே எனக்கு அனுப்பு.

அம்மா
கல்லிடைக்குறிச்சி