காட்பாடி மேம்பாலத்தில் நின்றால் தெரியாதா?

லிவர்பூல்,
பிப்ரவரி 9

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. "நகரத்தைப் பற்றிப் படிக்கச் சீமைக்குப் போகணுமா, சாயங்காலம் காட்பாடி மேம்பாலத்தில் அரை மணி நேரம் நின்றால் தெரியாதா?" என்று கேட்டிருந்தீர்கள். பதில் யோசித்தே நாள் போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

குளிர் பரவாயில்லை, மெர்சி ஆற்றுக் காற்றுதான் காதைப் பிய்க்கிறது. ஹீட்டர் போட்டால் எனக்குத் தலைவலி, அதனால் போடுவதில்லை. அண்ணன் வாங்கித் தந்த கம்பளியே போதும். இங்கே கத்திரிக்காய் இளநீர்க்காய் அளவுக்குப் பளபளவென்று இருக்கிறது. குழம்பு வைத்தேன், வாசனையே இல்லை. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

கீழ் வீட்டில் ஒரு கிழவர், துறைமுகத்தில் வேலை பார்த்தவர். எங்கள் தெருவில் ஒரு பக்கம் இப்போது வீடே இல்லை, வெறும் புல்தான். காலையில் அந்தப் புல் ஓரமாக நடந்து, ஒவ்வோர் இடத்திலும் நின்று தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்கிறார். இங்கே தையல்காரி இருந்தார், இங்கே எட்டுப் பிள்ளைக்காரர் இருந்தார் என்று எனக்கும் சொல்லிவைத்திருக்கிறார். 1931இல் எட்டரை லட்சம் பேர் இருந்த ஊர் இது. 2001இல் நாலரை லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. துறைமுக வேலை குறைந்தது, ஜனமும் போய்விட்டது. சத்துவாச்சாரியும் காட்பாடியும் வேலூரோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்த நமக்கு, ஊர் சுருங்கும் என்றால் நம்பவே முடியாது.

உலகத்திலேயே முதன்முதலில் நகரமைப்புக்கென்று தனித் துறை தொடங்கியது நான் படிக்கும் இந்த லிவர்பூல் பல்கலைக்கழகம்தான், 1909இல். இனி என்ன சொல்லிக்கொடுப்பது என்று இப்போது ஒரு கூட்டம். மாணவர் தரப்பில் என்னையும் உட்காரவைத்தார்கள். எல்லாவற்றையும் கணினியில் பார்த்துவிடலாம், தெருவில் நடந்து பார்க்கும் வாரங்களைக் குறைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. 2050க்குள் நம் நாட்டு நகரங்களில் மட்டும் 40 கோடிப் பேருக்கு மேல் கூடுவார்கள் என்று ஐ.நா. 2018இல் கணக்குச் சொன்னது. பாடத்தில் வருவதோ லண்டன், பாரிஸ், சிகாகோ. மக்கள்தொகை குறைந்தது 5,000, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், வேலை பார்க்கும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேர் விவசாயம் அல்லாத வேலை என்றால் நம் சென்சஸ்காரர்கள் அதை நகரம் என்றே எழுதிக்கொள்வார்கள். ஆனால் அங்கே பஞ்சாயத்து ஆபீஸ்தான் இருக்கும், சாக்கடை இருக்காது. நம் ஊர் மாதிரி. அந்த மாதிரி ஊரைப் படிக்க நடந்தால்தான் முடியும் என்றேன். 1915இல் பேட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்து நகரமைப்பாளர் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் அப்படித்தான் அறிக்கை எழுதினார். நாலு வருஷம் கழித்து பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. கீழ் வீட்டுக் கிழவரையும் வகுப்புக்குக் கூப்பிடலாம் என்றேன். அதெல்லாம் தரவு ஆகாது என்று சிரித்தார்கள்.

ஆயா திண்ணையில் உட்கார்ந்து எந்த வயல் யார் கல்யாணத்துக்கு மனையானது என்று சொல்லுமே, அது தரவு இல்லையா? அன்று இரவு தூக்கம் வரவில்லை. களி கிளறுகிற வாசனை அடித்த மாதிரி இருந்தது. எழுந்து ஜன்னலைக்கூடத் திறந்து பார்த்தேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேம்பாலத்தில் நின்றால் நெரிசல் தெரியும். அந்த நெரிசலுக்கு வழிவிட்ட நிலப் பத்திரம் எந்த வீட்டில் கையெழுத்தானது என்று தெரியாது. நம் வீட்டிலும் ஒன்று ஆகப்போகிறதாமே? ஏரிக்கரை 40 சென்ட்டை எனக்காக விற்கப்போவதாக அண்ணன் போனில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். வேண்டாம் நைனா. வார இறுதியில் ஓர் ஓட்டலில் வேலை செய்கிறேன், அங்கேயே சாப்பாடு, அது போதும். இந்த மாதம் மட்டும் உங்களுக்கு அனுப்புவது கொஞ்சம் தாமதமாகும். 2021 நவம்பரில் பாலாறு பொங்கியபோது நம் ஏரியும் நிரம்பி, கால்வாயை மூடிப் போட்ட மனைகளில் இடுப்பளவு தண்ணீர் நின்றதை மறந்துவிட்டீர்களா? புரோக்கர் மறுபடி வந்தால் மனைப் பிரிவுக்கு டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் எங்கே என்று மட்டும் கேளுங்கள், அவரே எழுந்து போய்விடுவார்.

அண்ணன் மகள் பி.பிளான், அதாவது நகரமைப்புப் பட்டப்படிப்பு, படிக்க ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லுங்கள். விஜயவாடாவில் மத்திய அரசுக் கல்லூரியே இருக்கிறது, காட்பாடியிலிருந்து ரயிலும் உண்டு. ஜே.இ.இ.யில் 2பி தாள் எழுதினால் போதும், படம் வரைய வேண்டியதில்லை.

ஆயாவுக்குக் கண் சொட்டு மருந்து தீர்ந்திருக்கும், வாங்கிவிடுங்கள். மூலப்பத்திரம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. சாவியை ஆயாவிடமே கொடுத்து வையுங்கள், அண்ணனிடம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்