மோட்டார் ஓடுகிறது, எஸ்டிமேட்டும் ஓடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை கொட்டிய ஒரு மாலையில், குரோம்பேட்டையில் பார்க்கிங் சீட்டு வாங்குவதற்காக இறக்கிய என் காரின் கண்ணாடி மீண்டும் மேலே ஏறவில்லை. சுவிட்சை இழுத்தால் கதவுக்குள் மோட்டார் சுற்றும் ஓசை மட்டும் கேட்டது. வீடு வந்து சேர்வதற்குள் வலது தோள் முழுவதும் நனைந்துவிட்டது.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் கதவைத் திறந்துகூடப் பார்க்காமல், 'ரெகுலேட்டர் அசெம்பிளி, மோட்டாருடன்' என்று ஒரே வரியில் எழுதி 9,640 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். ரெகுலேட்டர் என்பது கதவுக்குள் இருந்து கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பு. மோட்டார் ஓடுவது காதுக்கே கேட்கும்போது அதை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். தனியாக வராது, செட்டாகத்தான் வரும் என்றார்கள். சில கார்களுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பாகத்தின் எண்ணையோ, அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையையோ, லேபர் எவ்வளவு என்பதையோ அந்தத் தாளில் காணவில்லை. நான் தயங்கியதைப் பார்த்த ஊழியர், கண்ணாடி உடைந்ததாகக் காட்டி இன்ஷூரன்ஸில் போட்டுவிடலாம் என்று யோசனை வேறு சொன்னார். இயந்திரக் கோளாறுக்குச் சாதாரண மோட்டார் பாலிசி பணம் தராது என்பதும், பொய் சொல்லி வாங்கினால் அது மோசடி என்பதும், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் அதோடு போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியாமல் இருக்காது.

பிறகு எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன். அவர் கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். கண்ணாடியை இழுக்கும் கம்பிக் கயிறு பிரிபிரியாகி, உடைந்த பிளாஸ்டிக் உருளையிலிருந்து நழுவிக் கிடந்தது. உதிரிபாகக் கடைகள் உள்ள ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் மோட்டார் இல்லாத ரெகுலேட்டர் 1,350 ரூபாய்க்குக் கிடைத்தது. லேபர் 600, கழற்றும்போது உடைந்த கிளிப்புகளுக்கு 60. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்து, பழைய ரெகுலேட்டரும் என் கைக்கு வந்துவிட்டது. நியாயமாகச் சொன்னால் அவரிடமும் ஒரு குறை உண்டு: முறையான ரசீது தராமல் துண்டுச் சீட்டில்தான் கணக்கு எழுதினார், நாளைக்கு அந்த ரெகுலேட்டர் பழுதானால் நான் எதைக் காட்டிக் கேட்பது?

கம்பெனி பாகத்துக்கும் வாரண்டிக்கும் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எது பழுது என்று பார்க்காமலே விலை சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. விலையை அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. ரசீது தராததை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றும் அது சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரும் செய்யலாம். ஆனால் மழையில் கண்ணாடி இறங்கி நிற்கும் காரை வைத்துக்கொண்டு யார் புகார் எழுதிக்கொண்டிருப்பார்கள்? ஆகவே, கழற்றிப் பார்த்து, பாகத்தின் எண்ணையும் விலையையும் லேபரையும் தனித்தனியே எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும் என்பதைப் பெரிய சர்வீஸ் சென்டர்களுக்கேனும் அரசு கட்டாயமாக்க வேண்டும். அந்த எண் அவர்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. தாளில் அச்சிடுவதுதான் பாக்கி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாம்பரம்.