38 ஆண்டுகளுக்குப் பிறகு ஹன்ஷின்

நிஷினோமியா, ஜப்பான்,
3 டிசம்பர் 2023

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் தினசரியைத் தாமே எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு முறை படித்தேன். உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியும் சேர்ந்து வந்ததில் இங்கே வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நாங்கள் நலம். குளிர் தொடங்கிவிட்டது.

"உங்கள் ஊர் அணி கோப்பையை வென்றதாமே, பேஸ்பாலில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறாய். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. இந்த ஆண்டு முழுவதும் இந்த ஊர் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது என்பதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் ஊர் அணியான ஹன்ஷின் டைகர்ஸ் இதற்கு முன் ஜப்பான் சீரிஸை வென்றது 1985ஆம் ஆண்டில். சென்ட்ரல், பசிபிக் என்ற இரண்டு லீக்குகளிலிருந்தும் ஒவ்வோர் அணி வந்து மோதும் இறுதித் தொடர் அது; முதலில் நான்கு ஆட்டங்களை வெல்பவருக்குக் கோப்பை. இந்த ஆண்டு வரையில் அதுதான் அவர்களுடைய ஒரே ஜப்பான் சீரிஸ் கோப்பை. அந்த ஆண்டு ஒசாகாவின் தோத்தன்போரி ஆற்றில் ரசிகர்கள் கர்னல் சாண்டர்ஸ் சிலையைத் தூக்கி எறிந்தார்கள். அணியின் தாடிக்கார அமெரிக்க வீரர் ராண்டி பாஸின் சாயல் அதில் இருந்ததாம். அதன்பின் அணி தோற்றுக்கொண்டே இருந்ததால் அது கர்னலின் சாபம் என்று பேச்சு கிளம்பியது. 2009இல் சிலையைச் சேற்றிலிருந்து எடுத்த பிறகும் கோப்பை வரவில்லை. 2005இல் லீக்கை வென்று ஜப்பான் சீரிஸுக்குப் போனவர்கள், சிபா லோட்டே அணியிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றார்கள். நான்கு ஆட்டங்களின் ரன்களையும் கூட்டினால் 33க்கு 4. அந்த எண்களை இங்கே யாரிடம் சொன்னாலும் முகம் சுருங்கும்.

2005இல் அணியின் மேலாளராக இருந்த அகினோபு ஒகாடாதான் இந்த ஆண்டு, 65 வயதில், மறுபடியும் அந்தப் பொறுப்பை ஏற்றார். 1985 அணியின் வீரரும் அவரே. அந்த ஏப்ரலில் யோமியூரி ஜயன்ட்ஸ் அணிக்கு எதிராக பாஸ், ககேஃபு, ஒகாடா மூவரும் அடுத்தடுத்து ஹோம் ரன் (நம் சிக்ஸர் போல) அடித்ததை இன்றும் இந்த ஊரில் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். ஹோம் ரன்னால் பெயர் பெற்ற அந்த மனிதர் மேலாளராக வந்து முதலில் கையில் எடுத்தது என்ன தெரியுமா? மட்டையை வீசாமல் இருப்பதை.

உனக்கு இது உடனே புரியும். கல்லூரி அணியில் நீ தொடக்க ஆட்டக்காரனாக இறங்கி, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டுவிடுவாய். பந்து வீசுகிறவன் பொறுமை இழந்து காலுக்கு நேராகப் போடுவான். பேஸ்பாலில் அப்படி விடுவதற்குக் கூலியே உண்டு. எல்லைக்கு வெளியே நான்கு பந்துகள் வந்து, பேட்டர் மட்டையை வீசாமல் நின்றால், முதல் பேஸுக்கு நடந்தே போய்விடலாம். (பேஸ் என்பது ஓடுகிறவர் நிற்கும் இடம்; மூன்று பேஸ்களைக் கடந்து ஹோம் பேஸுக்குத் திரும்பினால் ஒரு ரன்.) அப்படி நடந்து போவதை 'வாக்' என்பார்கள். கைதட்டல் குறைவு, மறுநாள் செய்தித்தாளில் படமும் வராது. ஒகாடா நிர்வாகத்திடம் பேசி, வீரர்களின் அடுத்த ஆண்டுச் சம்பளத்தைக் கணக்கிடும்போது 'வாக்' பெறுவதற்குக் கூடுதல் மதிப்பு தரவைத்தார். போன ஆண்டு 358 வாக் பெற்ற அணி இந்த ஆண்டு 494 பெற்றது. ஹோம் ரன்கள் 84 மட்டுமே. ஆனாலும் சென்ட்ரல் லீக்கில் மிக அதிக ரன் எடுத்தது இந்த அணிதான். "பொறுமையாக ஆடுங்கள்" என்று அறிவுரை சொல்வது யாருக்கும் எளிது, மணி. பொறுமைக்குச் சம்பளம் தருகிறேன் என்றவர் இவர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவர் யூசுகே ஒயாமா. நான்காவது இடத்தில் இறங்குகிறவர் என்றால் ஹோம் ரன் அடித்துக் குவிக்க வேண்டும் என்பது எல்லோருடைய எதிர்பார்ப்பு. ஒயாமா 143 ஆட்டங்களிலும் அந்த இடத்திலேயே இறங்கினார். அடித்தது 19 ஹோம் ரன்தான். வாக் மட்டும் 99. தன் பங்குக்கு முதல் பேஸுக்குப் போய் நின்று, அடுத்தவரிடம் வேலையை ஒப்படைத்துக்கொண்டே இருந்தார். இந்த வெற்றியில் பாதி அவருடையது என்பேன்.

விருதுகள் ஷோகி முராகாமிக்குப் போயின, அதுவும் நியாயமே. இந்த ஆண்டுக்கு முன் முதல்நிலை அணிக்காக ஒரு வெற்றிகூடப் பெறாத பிட்சர் (பந்தெறிபவர்) அவர். ஏப்ரல் 12 அன்று டோக்கியோ டோமில் ஜயன்ட்ஸுக்கு எதிராக, ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஏழு வரை, ஒருவரைக்கூட முதல் பேஸுக்கு விடவில்லை. ஒகாடா அங்கேயே அவரை நிறுத்திவிட்டு வேறு பிட்சரை அனுப்பினார். அடுத்த இன்னிங்ஸிலேயே ஹோம் ரன் வாங்கி ஆட்டம் சமனாயிற்று. பத்தாவது இன்னிங்ஸில்தான் வென்றார்கள். என் அலுவலகத்தில் இரண்டு நாள் சண்டை. நான் ஒகாடா பக்கம். ஏப்ரலில் ஓர் இளைஞனின் தோளைக் காப்பாற்றினால்தான் அக்டோபரில் அந்தத் தோள் கிடைக்கும். ஆண்டு முடிவில் முராகாமியின் சராசரி 1.75 (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்; குறைவாக இருப்பதே நல்லது). சிறந்த வீரர் விருதும் சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்கே கிடைத்தன. ஒரே ஆண்டில் இரண்டையும் பெற்றவர் சென்ட்ரல் லீக் வரலாற்றில் இதற்கு முன் யாருமில்லை.

செப்டம்பர் 14 அன்று தங்கள் சொந்த மைதானமான கோஷியனில் லீக்கை வென்றார்கள். அதைப் பற்றி எழுதும் முன் ஷிந்தாரோ யோகோடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2013இல் அணிக்குத் தேர்வானவர். 24ஆம் எண் சட்டை. 2017இல் மூளையில் கட்டி என்று தெரிந்தது. சிகிச்சைக்குப் பின் திரும்பி வந்தும் பார்வை சரியாகவில்லை. பந்து இரண்டாகத் தெரிந்தது. 2019 செப்டம்பரில் இரண்டாம் நிலை அணிக்காகக் கடைசி ஆட்டம். மைதானத்தின் நடுக்கோடியிலிருந்து அவர் எறிந்த பந்து நேராக ஹோம் பேஸில் காத்திருந்தவரின் கையுறைக்குப் போய், ஓடி வந்தவர் ஆட்டமிழந்தார். சரியாகப் பார்க்கவே முடியாத ஒருவர் எறிந்த பந்து அது. இந்த ஜூலை 18 அன்று, 28 வயதில், யோகோடா காலமானார்.

செப்டம்பர் 14 அன்று ஒன்பதாவது இன்னிங்ஸில் பந்தெறிய வந்தவர் சுகுரு இவாசாகி. யோகோடாவோடு ஒரே ஆண்டில் அணிக்கு வந்தவர். வழக்கமான தன் பாட்டை விட்டுவிட்டு, யோகோடா பேட் செய்ய வரும்போது ஒலிக்கும் பாட்டோடு அன்று உள்ளே வந்தார். மைதானமே சேர்ந்து பாடியது. வென்ற பிறகு தோழர்கள் இவாசாகியைத் தூக்கி எறிந்து பிடித்தபோது அவர் கையில் 24ஆம் எண் சட்டை இருந்தது. நான் தொலைக்காட்சி முன் வாய்விட்டு அழுதேன், மணி. பக்கத்தில் இருந்த மகன் ஒன்றும் கேட்கவில்லை; அவனும் அழுதுகொண்டிருந்தான்.

ஜப்பான் சீரிஸில் எதிரணி ஓரிக்ஸ் பஃபலோஸ். பசிபிக் லீக்கைத் தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக வென்ற அணி, அவர்கள் பக்கத்து ஒசாகாக்காரர்களே. ஒசாகாவும் கோபேயும் அடங்கிய கன்சாய் பகுதியின் அணிகள் இரண்டு இறுதியில் மோதுவது 1964க்குப் பிறகு இதுவே முதல்முறை. ஒரு மைதானத்திலிருந்து மற்றதுக்கு ஒரே ரயிலில் போய்விடலாம். ஓரிக்ஸின் பிட்சர் யோஷிநோபு யாமமோட்டோ இந்த ஆண்டு 16 வெற்றி, சராசரி 1.21. முதல் ஆட்டத்தில் அவரிடமே ஏழு ரன் எடுத்து ஹன்ஷின் 8-0 என்று வென்றது. மறுநாள் அதே 8-0 கணக்கில் ஓரிக்ஸ் திருப்பிக் கொடுத்தது. ஆறாவது ஆட்டத்தில் யாமமோட்டோ 138 பந்துகள் எறிந்து தனியாளாக ஆட்டத்தை முடித்தார். 14 பேரைப் பந்தை அடிக்கவே விடாமல் ஆட்டமிழக்கச் செய்தார் (ஸ்ட்ரைக் அவுட்). ஜப்பான் சீரிஸில் ஓர் ஆட்டத்தில் அதுவே சாதனை. அடுத்த ஆண்டு அவர் அமெரிக்கா போய்விடுவார். நம் எதிரணிதான், ஆனாலும் அந்த இரவு அவரை மறக்க மாட்டேன்.

எனக்கு மனதில் நிற்பது நான்காவது ஆட்டம். 3-3 என்று சமன்; எட்டாவது இன்னிங்ஸில் எதிரணியினர் முதல் பேஸிலும் மூன்றாவது பேஸிலும் நிற்கிறார்கள். ஒகாடா அனுப்பியது அட்சுகி யுவாசாவை. ஜூனில் நிலை தடுமாறிக் கீழ் அணிக்குப் போன பையன்; அதன்பின் கோஷியனில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. பெயரை அறிவித்ததும் எழுந்த சத்தம் எங்கள் வீட்டு மாடி வரை கேட்டது. ஒரே ஒரு பந்துதான் எறிந்தார். பேட்டர் தூக்கியடித்து கேட்ச் ஆனார். ஒன்பதாவதில் ஓரிக்ஸ் இரண்டு பேருக்கு வேண்டுமென்றே 'வாக்' கொடுத்து பேஸ்களை நிரப்ப, அடுத்து வந்த ஒயாமா அடித்து முடித்தார். வருடம் முழுவதும் 99 முறை நடந்து போனவருக்கு அந்த ஒரு அடி கிடைத்ததில் எனக்குப் பெரிய திருப்தி.

ஏழாவது ஆட்டம் நவம்பர் 5. ஷெல்டன் நோய்ஸியின் மூன்று ரன் ஹோம் ரன்னோடு அது ஹன்ஷின் பக்கம் சாய்ந்தது, முடிவு 7-1. தோத்தன்போரியில் அத்தனை போலீஸாரை நிறுத்தியும் சிலர் ஆற்றில் குதித்தே தீர்ந்தார்கள். 23ஆம் தேதி கோபேயிலும் ஒசாகாவிலும் இரண்டு அணிகளுக்கும் ஊர்வலம். காலையில் ஒரு நகரம், பிற்பகலில் மற்றது என்று மாறி மாறிப் போனார்கள். தோற்ற அணியையும் சேர்த்து ஊர் கொண்டாடியது எனக்குச் சரியாகவே பட்டது.

அடுத்த ஆகஸ்டில் கோஷியனுக்கு நூறு வயது. நீ வருவதாக இருந்தால் ஆகஸ்டில் வராதே. அப்போது அங்கே உயர்நிலைப்பள்ளிப் போட்டி நடக்கும், டைகர்ஸ் வெளியூரில் ஆடும். மே மாதம் வா. வெயிலும் கடுமை இல்லை. மார்ச்சுக்குள் சொல்லிவிட்டால் டிக்கெட்டுக்கு நான் முயல்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரகு